அசை

சோம்பா உயர் நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடமாக
ஆங்கிலத்தைச் சிச்சேவாவாக்கி வயிறு வளர்க்கிறேன்.
நீதிபதி சொல்வதைக் கூண்டுக்குச் சொல்வேன்,
கூண்டு சொல்வதை நீதிபதிக்கு.
நடுவில் எனக்கென்று வாய் கிடையாது.

பைசன் மலோயாவுக்கு அன்று நான்கு நிமிடம் ஆயிற்று.
கொலை என்றால் தூக்கு;
சட்டத்தில் அதற்கு அடுத்த வரி இல்லை.
வயதை யாரும் கேட்கவில்லை.
கேட்டு என்ன செய்ய?
நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
திரும்ப மாட்டாமலே சொன்னார்:
கொல்லப்பட வேண்டும்.
ஆயேனேரா, என்றேன் நான்.
வேண்டும்.
கடைசி பஸ் போய்விட்டது என்று கேட்டவன் போல
அவன் தலையாட்டினான்.

பிறகு வேறு யாரோ ஒருவனின் வழக்கு.
பைசன் முகம்கூடப் பார்த்திராத ஒருவன்.
அதில் நீதிபதிகள்
தங்கள் கைகளையே திருப்பிப் பார்த்து எழுதினார்கள்:
கட்டிப்போட்ட கையால் தராசு பிடிக்க முடியாது.
தண்டிக்கும் முன் அந்த மனிதனைக் கேள்.

கயிற்றை அவர்கள் அறுக்கவில்லை.
அது அங்கேயே தொங்குகிறது.
ஒரு சொல்லை மட்டும் பிடுங்கினார்கள்.
அது இருந்த இடத்தில், எங்கள் மொழியில்,
வினையின் வயிற்றுக்குள் நுழையும் ஓர் அசை வந்தது:
ங்கா.
கொல்லப்பட, லாம்.
ஆகாமலும் போகலாம்.

தாளில் மை காய ஒரு பொழுது;
தீர்ப்பு பைசனிடம் வந்துசேர எட்டு வருடம்.
பக்கத்துப் பாயில் படுத்த லாஸ்ட்டன்
ஆறாம் வருடத்தில் இருமி இருமிச் செத்தான்.
அவனுக்கு நான் சொன்ன கடைசிச் சொல்
இன்னும் 'வேண்டும்'தான்.

மறுவிசாரணைக்குக் கட்டைத் தேடினோம்.
கறையான் சாட்சிகளைத் தின்றுவிட்டு
தண்டனைப் பக்கத்தை மிச்சம் வைத்திருந்தது.

வயது என்ன, அப்போது?
மலையிலிருந்து வெள்ளம் இறங்கிய வருடம்
எனக்கு முதல் பல் விழுந்தது, ஐயா.
வக்கீல் விரல்விட்டு எண்ணினார்.
பதினாறு. மிஞ்சினால் பதினேழு.
எதற்காக?
ஆறு சோளக் கதிர், ஐயா. பச்சை. பால்கூடப் பிடிக்காதது.
அது பஞ்ச வருடம். மண்வெட்டி என் கையில் இருந்தது.

நீதிபதி பின்வரிசையைப் பார்த்தார்.
செத்த ஜோஃபிலிசியின் தங்கை எஃப்ரிடா எழுந்தாள்.
பலோம்பேயிலிருந்து விடியுமுன் கிளம்பி வந்தவள்,
காலில் செம்மண் இன்னும் ஈரம்.
என் அண்ணனுக்கும் பசிதான், என்றாள்.
அப்புறம் என் பக்கம் திரும்பினாள்,
நீதிபதி பக்கம் அல்ல:
'அன்றைக்கு நீ வேறு சொல் சொன்னாயே.
அது எங்கே போயிற்று?'

அவை காத்திருந்தது.
கேள்வி எனக்கு. ஆனாலும் கேள்வி.
ஆங்கிலத்தில் சொன்னேன், ஒரு எழுத்தும் குறையாமல்,
என்னைப் பற்றிய இடத்தில் 'நீ' என்றே வைத்து.
நீதிபதி எழுதிக்கொண்டார்.
பதில் சொல்லவில்லை.
பன்னிரண்டு வருடம் இருந்ததே போதும் என்றார்.

வெளியே சிப்பெரோனித் தூறல்,
மலையையே காணோம்.
பலோம்பேக்கு ஒரே ஒரு மினிபஸ்.
நிறையாமல் அது கிளம்பாது.
ஜன்னலோரம் எஃப்ரிடா,
பக்கத்து இருக்கையில் அவள் கூடை.
அந்த ஓர் இடம்தான் பாக்கி.
பைசன் படிக்குக் கீழே நனைந்துகொண்டு நிற்கிறான்,
கையில் விடுதலைத் தாள், பிளாஸ்டிக் பையில்.
நடத்துனன் தகரத்தைத் தட்டுகிறான்:
ஏறுகிறாயா இல்லையா?

அவள் கூடையை மடிக்கு எடுக்கவில்லை.
அதன் மேல் கை வைத்து அமர்த்தவும் இல்லை.

நான் எதிர்ச்சாரியில், குடை இல்லாமல்.
அங்கே என்னிடம் யாரும்
எதையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.